இம்ப்ளாண்ட் பல் வைக்கப் போகிறீர்களா? முதலில் எலும்பைக் கவனியுங்கள்

இம்ப்ளாண்ட் என்றால் பல் போன இடத்தில் தாடை எலும்புக்குள் திருகைப் பதித்து, அதன் மேல் பல் மாட்டுவது. அதை வைக்க முடிவு செய்தவர்கள் எந்த கம்பெனி, எத்தனை நாளில் முடியும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது எலும்பு போதுமான அளவு இருக்கிறதா என்று. பல்லைப் பிடுங்கியதும் அந்த இடத்துத் தாடை எலும்பு வேலையில்லாமல் கரைய ஆரம்பிக்கும், முதல் வருடத்தில்தான் அது அதிகம். அதனால் பல் எடுக்கும்போதே இம்ப்ளாண்ட் எண்ணம் இருப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் குழியிலேயே எலும்புத் தூள் நிரப்பி வைப்பார்.

அப்புறம் ஸ்கேன். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் அகலம் தெரியாது. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனில்தான் அகலத்தோடு, கீழ்த்தாடை நரம்பும் மேல்தாடை சைனஸும் (எலும்புக்குள் இருக்கும் காற்றறை) எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதும் தெரியும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சிகரெட்டை விட்டுவிடுங்கள், புண் ஆறுவதை அது நன்றாகவே கெடுக்கும். எலும்புத் தேய்மானத்துக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டால், மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

டைட்டானியம் திருகைப் பொருத்துவது மரத்துப்போக ஊசி போட்டுச் செய்கிற வேலை, பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. பொறுமை அதற்குப் பிறகுதான் வேண்டும். எலும்பு திருகோடு ஒட்டி வளர பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். ஸ்வீடன் மருத்துவர் பிரோனெமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்த காலத்திலிருந்து திருகின் மேற்பரப்பு எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது, இருந்தாலும் காத்திருப்பு முழுசாக ஒழியவில்லை. ஒரே நாளில் பல் என்று சொன்னால், அன்று மாட்டுவது பெரும்பாலும் தற்காலிகப் பல்தான், அதுவும் திருகு இறுக்கமாக உட்கார்ந்தால்தான்.

திருகின் மேல் வரும் பல்லைச் சின்ன ஸ்குரூ வைத்து மாட்டுவார்களா, சிமெண்ட் வைத்து ஒட்டுவார்களா என்று கேளுங்கள். முடிந்தால் ஸ்குரூவே என் தேர்வு. பின்னால் ஏதாவது பிரச்சினை என்றால் கழற்றிப் பார்க்கலாம், ஈறுக்குள் மிச்ச சிமெண்ட் தங்கிப் புண்ணாக்குகிற தொல்லையும் இல்லை. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற பழக்கம் இருந்தால் நைட் கார்டு (இரவில் பல்லின் மேல் மாட்டுகிற உறை) கேட்டு வாங்குங்கள்.

இம்ப்ளாண்ட் சொத்தையாகாது, சரி, ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெடலாம், பெரும்பாலும் வலியே இல்லாமல். தினமும் பல்லிடுக்கு பிரஷ் போடுங்கள், ரத்தம் கசிந்தால் உடனே போய்க் காட்டுங்கள். திருகின் கம்பெனி, அளவு, லாட் எண் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி வையுங்கள், பல வருடம் கழித்து வேறு டாக்டரிடம் போனால் எந்த உதிரி பாகம் பொருந்தும் என்று அவருக்கு அதை வைத்துத்தான் தெரியும்.