வின்டோஸ் எழும்பாத லப்டொப்பிலிருந்து படங்களை எடுப்பது எப்படி: கறுப்புத் திரையில் நாலைந்து கொமாண்ட்

லப்டொப் நீலத்திரையில் நின்றுவிட்டால் கடையில் முதலில் வருகிற பேச்சே "போர்மட் அடிக்கவேணும்" என்பதுதான். அடிக்கலாம். அதற்கு முதல் அக்காவின் கலியாணப் படங்கள், தம்பியின் ஏ.எல். நோட்ஸ், ஸ்கான் பண்ணி வைத்த காணி உறுதி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். வின்டோஸ் போடுகிற அதே பென்ட்ரைவ் இதற்குப் போதும், அதற்குள் ஒரு சின்ன வின்டோஸ் ஒளிந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

அதன் பெயர் வின்டோஸ் பீஈ. டெஸ்க்டொப் இல்லை, பிரவுசர் இல்லை, வின்டோஸை நிறுவும் வேலைக்காகவே செய்த ஒன்று. உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் முழுக்க முழுக்க ரேமில் ஓடும், தன்னை எக்ஸ் டிரைவ் என்று காட்டிக்கொள்ளும். எக்ஸில் எதைச் சேமித்தாலும் மெஷினை நிறுத்தியதும் போய்விடும், ஆகவே அங்கே எதையும் கொப்பி பண்ணாதீர்கள். இதையே வழக்கமான வின்டோஸாக யாரும் பாவிக்கக்கூடாது என்று 72 மணித்தியாலம் தொடர்ந்து ஓடினால் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படியும் செய்திருக்கிறார்கள்.

பென்ட்ரைவ் இல்லையென்றால் வேலை செய்கிற வேறொரு கொம்பியூட்டரில் மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை எடுத்துச் செய்துகொள்ளுங்கள். குறைந்தது 8 ஜிபி வேண்டும், அதில் இருப்பதெல்லாம் அழியும். சில ஜிபி இறங்கும், உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் அதில் போட்டுவிடுங்கள். படங்களை வாங்கிக்கொள்ள இன்னொரு டிஸ்க்கும் வேண்டும். அது ஃபட்32 என்ற போர்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைலை ஏற்காது, கலியாண வீடியோ அங்கேதான் இடறும். எக்ஸ்ஃபட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும்.

சரி, பென்ட்ரைவையும் அந்த வெளி டிஸ்க்கையும் குத்திவிட்டு லப்டொப்பைப் போடுங்கள். பூட் மெனு வர டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, வேறு கம்பனி என்றால் ஒருக்கால் தேடிப் பாருங்கள். யூஎஸ்பியைத் தெரிவுசெய்தால் மொழி கேட்கிற திரை வரும். அங்கேயே நில்லுங்கள், இன்ஸ்டோலை அமத்தவேண்டாம். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு எஃப்10 ஐ அமத்துங்கள் (சில லப்டொப்பில் எஃப்என் கீயும் சேர்த்து). கறுப்பு விண்டோ ஒன்று திறக்கும். இனி எல்லாம் அதற்குள்தான். கொமாண்ட்களை நான் உச்சரிப்பாகத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

நம்மூருக்கென்றே ஒரு தலையிடி இருக்கிறது. பாதி வீடுகளில் இருப்பது ஜெர்மனியிலிருந்தோ பிரான்ஸிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்த லப்டொப். இங்கிலிஷ் பென்ட்ரைவில் பூட் பண்ணினால் கீபோட் அமெரிக்க அமைப்பில் வேலை செய்யும், கீயில் அச்சடித்திருப்பது ஒன்று, திரையில் விழுவது இன்னொன்று. ஜெர்மன் கீபோட்டில் வையும் இசட்டும் இடம் மாறும். முக்காற்புள்ளிக்கு ஷிஃப்டோடு எல்லுக்கு வலப்பக்கத்து ஓ உம்லாட் கீ, பின்சாய்கோட்டுக்கு என்டருக்குப் பக்கத்தில் உள்ள ஹாஷ் கீ, முன்சாய்கோட்டுக்கு வலது ஷிஃப்டுக்கு இடப்பக்கத்துச் சிறுகோட்டுக் கீ. பிரெஞ்சுக் கீபோட்டில் ஏயும் கியூவும் மாறும், முக்காற்புள்ளி ஷிஃப்டோடு எம்மில் விழும். கொமாண்ட் பிழை என்று திரும்பத் திரும்ப வந்தால் முதலில் நீங்கள் அடித்தது என்ன விழுந்திருக்கிறது என்று திரையைப் பாருங்கள்.

இப்போது உங்கள் டிஸ்க் எந்த எழுத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். இங்கே சி என்பது உங்கள் வழக்கமான சியாக இருக்கவேண்டுமென்றில்லை, சிலவேளை பென்ட்ரைவே சி ஆகியிருக்கும்.

டிஸ்க்பார்ட்
லிஸ்ட் வால்யூம்
எக்ஸிட்

ஒவ்வொன்றுக்கும் பிறகு என்டர். இரண்டாவதை அடித்ததும் ஒரு பட்டியல் வரும்: எழுத்து, பெயர், ஃபைல் சிஸ்டம், வகை, அளவு. அளவைப் பார்த்தாலே பாதி விளங்கும். சில நூறு ஜிபி, என்டிஎஃப்எஸ் என்று இருப்பது உங்கள் டிஸ்க். வகையில் ரிமூவபிள் என்று இருப்பது பென்ட்ரைவ். உங்கள் டிஸ்க்கின் எழுத்தையும் படங்கள் போகவேண்டிய வெளி டிஸ்க்கின் எழுத்தையும் கடதாசியில் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க்பார்ட்டுக்குள் பார்ப்பதோடு நிறுத்துங்கள். யூடியூப்பில் பார்த்த கிளீன் என்ற கொமாண்டை மட்டும் அடிக்கவேண்டாம், "நிச்சயமா?" என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் பார்ட்டிஷன் முழுவதையும் எடுத்துவிடும்.

உங்கள் டிஸ்க் டி என்று வைத்துக்கொள்வோம்.

டிர் டி:\யூசர்ஸ்

உள்ளே இருக்கிற போல்டர்கள் வரும், உங்கள் பெயரும் அதில் இருக்கவேண்டும். டிரைவ் பிட்லொக்கரால் (வின்டோஸின் டிஸ்க் பூட்டு) பூட்டப்பட்டிருக்கிறது என்று வந்தால் விண்டோவை மூடிவிட்டு, அதே பென்ட்ரைவில் ரிப்பேர் என்ற வழியால் கொமாண்ட் ப்ரொம்ப்டுக்குப் போங்கள், அங்கே 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசொப்ட் அக்கவுண்டில் கிடக்கும், போனில் லொகின் பண்ணிப் பார்க்கலாம்.

போல்டருக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் இந்தக் கறுப்புத் திரையில் அது கட்டங்கட்டமாகவோ கேள்விக்குறிகளாகவோதான் தெரியும், தமிழ் எழுத்துரு இதற்குள் இல்லை. பதறத் தேவையில்லை, டிஸ்க்கில் பெயர் அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பெயரை அடிக்க மினக்கெடாமல் அதற்கு மேலே உள்ள போல்டரை முழுதாகக் கொப்பி பண்ணுங்கள், மற்றக் கொம்பியூட்டரில் திறக்கும்போது தமிழ் சரியாகவே வரும்.

கொப்பி பண்ண ரோபோகொப்பி. வெளி டிஸ்க் எஃப் என்றால்:

ரோபோகொப்பி டி:\யூசர்ஸ் எஃப்:\பக்கப் /ஈ /எக்ஸ்ஜே /எக்ஸ்டி அப்டேட்டா /ஆர்:1 /டபிள்யூ:1

சாய்கோட்டோடு வருவதெல்லாம் ஒவ்வொரு சொல்லாகப் போகும், இடையில் ஒரு ஸ்பேஸ். ஈ என்றால் உள்போல்டர்களும் சேர்த்து. எக்ஸ்ஜே, போல்டர்போல நடிக்கும் சில இணைப்புகளைத் தவிர்க்கும், இல்லையென்றால் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கொப்பி பண்ணிக்கொண்டிருக்கும். எக்ஸ்டி, அடுத்து வரும் அப்டேட்டா (AppData) போல்டரில் புரோகிராம்கள் சேர்த்துவைத்த குப்பையை விட்டுவிடும். கடைசி இரண்டையும் மறந்தால்தான் வில்லங்கம். வாசிக்கமுடியாத ஒரு ஃபைல் வந்தால் ரோபோகொப்பி தன் வழக்கப்படி 30 செக்கனுக்கு ஒருதடவையாகப் பத்து லட்சம் தடவை முயலும், பழுதான டிஸ்க்கில் அப்படி விட்டால் டிஸ்க்கும் போய்விடும். இந்த இரண்டும் இருந்தால் ஒரு தடவை, ஒரு செக்கன், பிறகு அடுத்த ஃபைல்.

இடையில் கரண்ட் போய் பட்டரியும் இறந்துபோனால் மீண்டும் பூட் பண்ணி, எழுத்துகளை ஒருக்கால் சரிபார்த்து, அதே வரியை அடியுங்கள். முடிந்ததை விட்டுவிட்டு மிச்சத்தைத் தொடரும். முடிந்ததும் கீழே ஒரு அட்டவணை வரும், அதில் ஃபெயில்ட் என்ற நிரலில் பூச்சியமா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மேலே ஏறி எந்த ஃபைல் விடுபட்டது என்று தேடவேண்டும்.

எழுத்தடிக்கவே பயமென்றால் நோட்பேட் என்று அடித்து, ஃபைல் மெனுவில் ஓப்பனைத் திறந்து, ஓல் ஃபைல்ஸ் என்று மாற்றினால் அது ஒரு எக்ஸ்ப்ளோரர் மாதிரியே வேலை செய்யும், ரைட் கிளிக்கில் கொப்பி, பேஸ்ட் எல்லாம் போகும். பத்துப் பதினைந்து படத்துக்கு அது நல்லது. பெரிய போல்டருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன், எவ்வளவு போனது என்றே தெரியாமல் உறைந்துபோன மாதிரி நிற்கும்.

படங்கள் வெளியே வந்த பிறகுதான் டிஸ்க்கின் பிழைகளைத் திருத்துகிற செக்டிஸ்க்: சி எச் கே டி எஸ் கே, ஸ்பேஸ், டி:, ஸ்பேஸ், /எஃப். கொப்பி பண்ண முதல் இதை ஓடவிடாதீர்கள், திருத்துகிறேன் என்று உடைந்த ஃபைலைத் துண்டாக்கியும் விடும். டிஸ்க் டக் டக் என்று சத்தம் போடுமென்றால் இதைத் தொடவே வேண்டாம், டிஸ்க்கை மாற்றவேண்டியதுதான்.

வெளியேற எக்ஸிட் அடித்து, செட்டப் விண்டோவையும் மூடினால் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். பென்ட்ரைவை அப்போதே கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பவும் அதே மொழித் திரைதான் வரும்.