ரெண்டு டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்து 2,000 வோல்ட் எடுக்க

வால்வ் போட்ட லீனியர் ஆம்ப்ளிஃபயருக்கு (ரேடியோ சிக்னலின் சக்தியைக் கூட்டும் கருவி) 2,000 வோல்ட் டிசி வேண்டும். கையில் இருப்பதோ 230 வோல்ட் பிரைமரி (கரண்ட் உள்ளே போகும் சுற்று), 700 வோல்ட் செகண்டரி (வெளியே வரும் சுற்று) உள்ள ரெண்டு டிரான்ஸ்ஃபார்மர். 2,000-ஐ ஒட்டி எடுத்துவிடலாம்.

செகண்டரிகளை சீரீஸில் போடுவதென்றால், எந்த முனையோடு எந்த முனையைச் சேர்த்தால் வோல்டேஜ் கூடும் என்று முதலில் சரிபார்க்க வேண்டும். இதற்கு 230 வோல்ட் கொடுக்கவே கூடாது. ரெண்டு பிரைமரியையும் பேரலலாகக் கட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றிலிருந்து 12 வோல்ட் ஏசி கொடுங்கள். ஒவ்வொரு செகண்டரியிலும் சுமார் 36 வோல்ட் வரும். ஆளுக்கொரு முனையைச் சேர்த்துவிட்டு, மீதி ரெண்டு முனைகளில் மீட்டரை வையுங்கள். 73-ஐ ஒட்டிக் காட்டினால் சரி. பூஜ்யத்தை ஒட்டி நின்றால் ஒரு செகண்டரியைத் திருப்பிப் போடுங்கள். முனைகளில் உடனே டேப் ஒட்டி எழுதிவிடுங்கள், நாளைக்கு நினைவிருக்காது.

செகண்டரிகளை பேரலலாகப் போட நான் யாருக்கும் சொல்வதில்லை. வோல்டேஜில் 2 வோல்ட் வித்தியாசம், ரெண்டு செகண்டரிக்கும் சேர்த்து ரெசிஸ்டன்ஸ் அரை ஓம் என்றால், சுமையே இல்லாமல் 4 ஆம்பியர் உள்ளுக்குள் சுற்றும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. ஒவ்வொரு செகண்டரிக்கும் தனி பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் நாலு டயோடு), தனி கெப்பாசிட்டர் வரிசை. அப்புறம் ரெண்டு டிசியையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிடுவேன். ஒவ்வொன்றும் சுமார் 990, மொத்தம் 1,980 வோல்ட். சுமை ஏறினால் கொஞ்சம் இறங்கும். முனை மாறினாலும் கவலையில்லை, செகண்டரி வோல்டேஜ்கள் ஒன்றுபோல் இருக்கவும் வேண்டாம். கரண்ட் மட்டும் ரெண்டில் பலவீனமானதன் அளவுதான். அதிலும் செகண்டரியின் ஏசி ரேட்டிங்கில் 60 சதவீதம் வரைதான் டிசியாக எடுக்கலாம்.

அடுக்கில் மேலே இருக்கும் செகண்டரி, சேசிஸிலிருந்து (கருவியின் உலோகச் சட்டம்) ஆயிரம், ரெண்டாயிரம் வோல்ட் உயரத்தில் நிற்கும் என்பதை மறக்காதீர்கள். இன்சுலேஷன் நல்லதாக உள்ள டிரான்ஸ்ஃபார்மரை அங்கே போடுங்கள். மைக்ரோவேவ் அவன் டிரான்ஸ்ஃபார்மர் அந்த இடத்துக்கு ஆகாது: அதன் செகண்டரியின் ஒரு முனை இரும்பிலேயே இணைந்திருக்கும்.

ஒவ்வொரு பிரிட்ஜுக்கும் மூன்று 450 வோல்ட் கெப்பாசிட்டர் சீரீஸில் வையுங்கள். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 47 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் கட்டாயம். வோல்டேஜைச் சமமாகப் பங்கிடுவதும், அணைத்த பிறகு சார்ஜை வடிப்பதும் அதுதான். அப்படியிருந்தும் அதை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் காத்திருந்து, பேனல் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்து, எர்த் செய்த ஷார்ட்டிங் குச்சியால் (இன்சுலேஷன் பிடி போட்ட உலோக முனை) ஒவ்வொரு கெப்பாசிட்டரையும் தொடுங்கள். சாதாரண மல்டிமீட்டர் பெரும்பாலும் 1,000 வோல்ட்டோடு சரி. மொத்த வோல்டேஜை அதில் அளக்க முயலவே வேண்டாம்.