வெளிநாட்டு ஆற்றில் பிளை பிஷிங் போட்டி: யாழ்ப்பாணத்திலிருந்து தயாராகும் முறை

கடனீரேரியில் தங்கூசி எறிந்து பழகிய நமக்கு, ஈயத்தின் பாரமே தூண்டிலைத் தூரத்துக்குக் கொண்டுபோகும் என்பது தெரியும். பிளை பிஷிங்கில் முள்ளின்மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த போலிப் பூச்சிக்கு எடை மிகக் குறைவு என்பதால், தடித்த, பாரமான நூலே அதை முன்னால் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

முதலில், சேரவிருக்கும் போட்டியின் விதிகளைப் பெற்று வாசியுங்கள். 1981 இல் லக்சம்பேர்க்கில் தொடங்கிய உலகப் போட்டிகளுக்கு ஒவ்வொரு நாடும் தன் அணியை அனுப்பும். தொடக்கநிலையாளர்கள் எவரும் சேரக்கூடிய உள்ளூர்க் கழகப் போட்டிகளைத் தேடுவதே நல்லது. பன்னாட்டு விதிகளைப் பின்பற்றும் போட்டிகளில் மீன் ஒன்றுக்கு 100 புள்ளிகளும், அதன் நீளத்தில் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 20 புள்ளிகளும் கிடைக்கும். ஆகவே 40 சென்ரிமீற்றர் மீன் ஒன்று 900 புள்ளிகளைத் தர, 20 சென்ரிமீற்றர் மீன்கள் இரண்டு 1000 புள்ளிகளைத் தந்துவிடும். பெரிய மீனுக்காகக் காத்திருக்கும் நம்மூர்ப் பழக்கத்தை இங்கே கைவிடத்தான் வேண்டும்.

அடுத்து, எறிந்து பழகுங்கள். அதற்கு ஆறு தேவையில்லை. முற்றவெளிப் புல்தரையே போதும். முள்ளுக்குப் பதிலாக நூல் நுனியில் சிறு கம்பளித் துண்டைக் கட்டுங்கள். தடியைப் பின்னால் உயர்த்தி நிறுத்தி, நூல் முழுவதும் பின்பக்கம் நீண்டு விரியும்வரை பொறுத்து, அதன் பின்னரே முன்னே வீசுங்கள். அவசரப்பட்டால் நூல் சாட்டைபோலச் சொடுக்கி, பூச்சி அறுந்துபோகும்.

முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர் இப்போட்டிகளில் தடைசெய்யப்பட்டது. அதைக் குறட்டினால் அமுக்கிய பின் துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். இழை சிக்காமல் வந்தால் சரி. பிடித்த மீனை உயிரோடு ஆற்றில் விடவேண்டும் என்பதற்காகவே இந்த விதி. கறிக்கு மீன் பிடிக்கும் நமக்கு இது முதலில் விசித்திரமாகப் படலாம். ஆனால் அடுத்தவர் பிடிக்கவும் மீன் இருக்கவேண்டுமல்லவா?

விசாவுக்கு ஏற்பாட்டாளரின் அழைப்புக் கடிதத்தை முன்கூட்டியே கேளுங்கள். போட்டிக் கட்டணம் வேறு, மீன்பிடி அனுமதி வேறு. இங்கிலாந்தில் அனுமதிப்பத்திரம் கட்டாயம், கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் அது வேறுபடும். நியூசிலாந்தில், நுண்பாசி பரவாதிருக்க, கம்பளி அடிப்பாகமுள்ள காலணிகள் 2008 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன.

போட்டியன்று ஆற்றின் ஒரு பகுதி சீட்டு மூலம் உங்களுக்கு ஒதுக்கப்படும். ஒரு சுற்று பெரும்பாலும் மூன்று மணிநேரம். நீர்புகாக் காற்சட்டையின் இடுப்புப்பட்டியை இறுக்கிக் கட்டுங்கள். விழுந்தால் உள்ளே நீர் நிரம்புவதை அதுவே மட்டுப்படுத்தும். கடலில் நீந்தத் தெரியும் என்ற துணிவு குளிர்ந்த, இழுக்கும் நீரில் போதாது. இப்போட்டிகளில் பெரும்பாலும் பிடிக்கப்படும் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும் ஆதலால், உங்கள் பகுதியின் கீழ்முனையில் தொடங்கி, மீனின் பின்பக்கமாக மேல்நோக்கி நடங்கள். மீன் வலைக்குள் வந்ததும் கையை நனைத்துக்கொண்டு தொட்டு, வலையோடு கண்காணிப்பாளரிடம் கொண்டுசெல்லுங்கள். அவர் அளந்து எழுதிய உடனே அதை நீரில் விடவேண்டும். சுற்று முடிந்ததும் அட்டையில் பதிந்த ஒவ்வொரு நீளத்தையும் சரிபார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள்.