இறங்குகிற சுவருக்குக் கீழே தூண் கொடுப்பது

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண்ணில் 26 வருஷமாகக் கொத்து வேலை பார்க்கிறேன். இந்த மண் மழையில் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவுக்குப் பிளக்கும். என் அக்கா வீட்டின் தென்மேற்கு மூலை இறங்கியது, குளியலறைக் குழாய் உடைந்து அந்த மூலையிலேயே தண்ணீர் நின்றதால்தான். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறிய வெடிப்பு, மேலே போகப் போக அகலம்.

உடனே பூசிவிடாதீர்கள். முதலில் குழாயைச் சரிசெய்யுங்கள். வெடிப்புக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை சிமெண்ட் பாலில் ஒட்டி, தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அக்கா வீட்டில் உடைந்தது. பொறியாளரைக் கூட்டிவந்து காட்டிய பிறகுதான் கடப்பாரையைத் தொட்டேன்.

மழைக்காலத்தில் தோண்டவே கூடாது. நாங்கள் மாசியில் தொடங்கினோம். உள்ளே ரூஃபுக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்தோம். இறங்கிய பகுதியை மூன்றரை அடித் துண்டுகளாகப் பிரித்து 1 முதல் 9 வரை சுவரில் எண் போட்டோம். முதலில் 1, 4, 7 துண்டுகளுக்குக் கீழே மட்டும் குழி தோண்டிக் கான்கிரீட் தூண் போட்டோம். அவை முடிந்தபின் 2, 5, 8. கடைசியில் 3, 6, 9. அடுத்தடுத்த குழிகளைச் சேர்த்துத் திறந்தால் சுவர் அந்தரத்தில் நிற்கும், ஆள் உள்ளே இருப்பார். இதில் யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதீர்கள். கருங்கல் கடைக்கால் (அஸ்திவாரம்) தூணுக்குத் தூண் தாவி நிற்காது. அதனால்தான் இடைவெளி விடாமல் எல்லாத் துண்டுக்கும் கீழே தூண் கொடுக்கிறோம்.

கரிசலைத் தாண்டிச் சுக்கான் (கெட்டியான சுண்ணாம்பு மண்) வரும்வரை தோண்ட வேண்டும். எங்களுக்கு ஏழடியில் வந்தது. குழியின் பக்கங்களுக்குப் பலகை அடித்து முட்டுக் கொடுங்கள், அள்ளிய மண்ணை விளிம்பில் குவிக்காதீர்கள்.

அடியைச் சுத்தமாக்கி 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் போடுங்கள். பழைய கடைக்காலுக்கு மூன்று அங்குலம் கீழே நிறுத்திவிடுங்கள். கான்கிரீட் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். முட்டப் போட்டால் சுருங்கிய அளவுக்குச் சுவர் மறுபடி இறங்கும். ஒரு வாரம் நனைத்தபின், ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு மணலும் ஈரம் குறைவாகக் கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கிற பதத்தில், அந்த மூன்று அங்குல இடைவெளியில் கட்டையால் இடித்து இடித்துத் திணிக்க வேண்டும். வேலையின் உயிரே இதில்தான். இதை நான் வேறு ஆளிடம் விடுவதில்லை.

பிறகு புதுக் கண்ணாடி ஒட்டினேன். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்கப் பெய்து ஓய்ந்தது. தையில் போய்ப் பார்த்தேன், கீறல்கூட இல்லை. அன்றைக்குத்தான் வெடிப்பை வெட்டிப் பூச்சுக்குக் கலவை போட்டேன்.