கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஒலிம்பிக் அருங்காட்சியகத்தை நிதானமாகப் பார்த்துவருவது எப்படி

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளையும் ஒரே இடத்துக்கு அழைத்துச் சென்று இரு தரப்பாரையும் மகிழ்விப்பது எளிதன்று. அமெரிக்காவில் டென்வர் பக்கம் வசிப்பவர்களுக்கும் அவ்வழியே சுற்றுலா வருபவர்களுக்கும் அப்படிப்பட்ட ஓரிடமாகக் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரிலுள்ள அமெரிக்க ஒலிம்பிக், பாராலிம்பிக் அருங்காட்சியகத்தைத் தயங்காமல் சொல்வேன். அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் தலைமையகம் 1978 முதல் இந்த நகரில்தான் இயங்குகிறது. அருங்காட்சியகம் 2020ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள்தான் திறக்கப்பட்டது.

முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம். திறக்கப்பட்டபோது பெரியவர் ஒருவருக்கான நுழைவுக் கட்டணம் 24.95 டாலராக இருந்தது. நான்கு பெரியவர்கள் சென்றால் 99.80 டாலர், அதாவது ஏறக்குறைய நூறு டாலர் என்று வைத்துக்கொண்டு திட்டமிடத் தொடங்கலாம். சிறுவர்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் படைத்துறையினருக்கும் கட்டணம் குறைவு என்பதால், டிக்கெட் எடுக்கும்போது ஒவ்வொருவரின் வயதையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். வயதைக் காட்டப் பெற்றோரின் கடவுச்சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். செல்ல நினைக்கும் நாளில் அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா, அன்றைய கட்டணம் என்ன என்பவற்றை அதன் இணையதளத்தில் பார்த்து, அங்கேயே டிக்கெட் எடுத்துவிடுவது நல்லது. வண்டி நிறுத்தும் செலவைத் தனியாக ஒதுக்கிவையுங்கள்.

இந்த இடத்தில் பெரும்பாலான வீடுகளில் ஒரு பேச்சு எழும். டாலரை ரூபாயாக்கிப் பார்க்கும் பெரியவர்கள், "எனக்கு எதற்கு வீண் செலவு? முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் நடக்க முடியாது, நான் வெளியிலேயே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் போய்வாருங்கள்" என்பார்கள். என் தாயாரும் அப்படித்தான் சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்டு அவர்களை விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். இந்தக் கட்டடமே அப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுப்பப்பட்டிருக்கிறது.

நுழைந்ததும் லிஃப்டில் ஏறி உச்சித் தளத்துக்குச் சென்றுவிட வேண்டும். அங்கிருந்து கீழ்த்தளம்வரை காட்சிக்கூடங்கள் ஒன்றையொன்று தொடர்ந்து சரிவுப் பாதையிலேயே இறங்கிவருகின்றன. படிக்கட்டு ஒரு வழி, சக்கர நாற்காலி வேறு வழி என்ற பிரிவு இங்கே கிடையாது. பாராலிம்பிக் வீரரும் பள்ளிப் பிள்ளையும் பாட்டியும் ஒரே பாதையில்தான் செல்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவரும் உடன் வருபவரும் பேசிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் செல்வதற்காக அந்தச் சரிவை ஆறு அடி அகலத்துக்கு அமைத்திருக்கிறார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று போக வேண்டியதில்லாத இந்த ஏற்பாட்டின் அருமை, முதியவர்களைப் பொது இடங்களுக்கு அழைத்துச் சென்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். சரிவு மிகவும் மென்மையானது. இறக்கம் என்பதே காலுக்குத் தெரியவில்லை என்றார் என் தாயார்.

மேலே செல்வதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையை அவசரத்தில் பலர் அரைகுறையாக முடித்துவிடுகிறார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ளத் தரப்படும் அட்டையை அங்கேயே பதிவுசெய்துகொள்ள வேண்டும். பிடித்த விளையாட்டு எது, எழுத்து பெரிதாக வேண்டுமா, குரல்வழி விளக்கம் வேண்டுமா என்பவற்றை அப்போது தெரிவித்துவிட்டால், நீங்கள் அருகில் சென்றதும் உள்ளே இருக்கும் திரைகள் உங்கள் தேவைக்கேற்ப மாறிக்கொள்கின்றன. கண்ணாடி இல்லாமல் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு இதற்காகவே ஐந்து நிமிடம் செலவிடுங்கள். அவர்கள் சார்பில் நீங்களே தட்டிவிடாமல், ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லி அவர்களையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

உள்ளே எல்லாவற்றுக்கும் சமமாக நேரம் கொடுக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளைகள் பயிற்சிக் கூடத்தைவிட்டு எளிதில் நகர மாட்டார்கள். அங்கே 30 மீட்டர் ஓடுபாதை ஒன்றில், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற ஜெசி ஓவன்ஸின் வேகத்தோடு திரை வழியாகப் போட்டியிட்டு ஓடிப் பார்க்கலாம். வில்வித்தை, பனிச்சறுக்கு ஆகியவற்றோடு, பார்வையற்றோர் ஆடும் கோல்பால் விளையாட்டையும் முயன்று பார்க்கலாம். கோல்பாலில் பந்துக்குள் மணிகள் இருக்கும். எல்லோரும் கண்ணை மறைத்துக்கொண்டு, மணியோசை வரும் திசையை வைத்தே பந்தைத் தடுக்க வேண்டும். பிள்ளைகளை ஓட்டத்தோடு நிறுத்திவிடாமல் இதையும் அறியச் செய்யுங்கள் என்பது என் வேண்டுகோள், ஏனெனில் பாராலிம்பிக் என்பது இரக்கப்பட்டுக் கைதட்டும் நிகழ்ச்சி அன்று, கடும் திறமை கேட்கும் போட்டி என்பது அவர்களுக்கு அங்கே சொல்லாமலே விளங்கிவிடும்.

நினைவுப்பொருள்களில் நான் நெடுநேரம் நின்றது ஒரு பழைய ஸ்கோர்போர்டின் முன்னால். 1980 பிப்ரவரி 22 அன்று லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில், பெரும்பாலும் கல்லூரி மாணவர்களைக் கொண்ட அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணி, அசைக்க முடியாதது என்று கருதப்பட்ட சோவியத் அணியை 4-3 என்ற கணக்கில் வென்றது. அன்று அரங்கில் இருந்த அதே ஸ்கோர்போர்டு இங்கே இருக்கிறது. அந்த ஆட்டத்தின் கதையை முதல் நாளே வீட்டில் சொல்லிவைத்துவிடுங்கள். கதை தெரியாதவருக்கு அது வெறும் இரும்புப் பெட்டி. ஒலிம்பிக் சுடரை ஏந்திச் சென்ற தீப்பந்தங்களின் வரிசைக்கும் இது பொருந்தும். ஒலிம்பிக் சுடரோட்டம் 1936இல்தான் தொடங்கியது என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், ஒவ்வொரு நாடும் தன் கைவண்ணத்தை எப்படிக் காட்டியிருக்கிறது என்பது புலப்படும்.

இவ்வளவையும் பார்க்க மூன்று மணி நேரமாவது வேண்டும். ஒரு மணி நேரம் மட்டுமே கையில் இருந்தால் வேறொரு நாளைக்குத் தள்ளிவையுங்கள். நூறு டாலர் கொடுத்து ஓட்டமும் நடையுமாகப் பார்ப்பது பணத்துக்கும் நியாயமாகாது, வந்த பெரியவர்களுக்கும் நியாயமாகாது. நகரம் கடல் மட்டத்திலிருந்து 6,035 அடி உயரத்தில் இருப்பதால், சென்னை போன்ற கடலோர ஊர்களிலிருந்து வந்தவர்களுக்குச் சற்றே மூச்சு வாங்கும். முதல் நாளிலிருந்தே தண்ணீர் நிறையக் குடிக்கச் செய்யுங்கள். விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளே அழைத்துச் செல்லாதீர்கள்.

டென்வரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 110 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டு, திறக்கும் நேரத்துக்கே உள்ளே சென்றுவிட்டால், மதிய உணவு வேளையில் முடித்துக்கொண்டு கட்டுச்சோற்றோடு அருங்காட்சியகத்தை ஒட்டிய நடைபாலத்தைக் கடந்து எதிர்ப்புறப் பூங்காவில் உட்காரலாம். மாலைக்குச் செலவில்லாத இடம் ஒன்றும் அருகிலேயே உண்டு. செம்பாறைகள் வானளாவ நிற்கும் கார்டன் ஆஃப் த காட்ஸ் பூங்காவை 1909இல் பெர்கின்ஸ் குடும்பத்தார் நகரத்துக்குக் கொடையாக அளித்தபோது, பொதுமக்களிடம் என்றைக்கும் கட்டணம் வாங்கக்கூடாது என்று நிபந்தனை விதித்தார்கள். நகரம் இன்றுவரை அதைக் காப்பாற்றிவருகிறது.