பகற்கனவு கட்டுக்குள் வந்த விதம்

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள் நடக்க ஆரம்பித்தால் போதும், என் கதை ஓடத் தொடங்கிவிடும். அதே ஆட்கள், விட்ட இடத்திலிருந்து அடுத்த காட்சி. உதடு அசையும், முகம் மாறும், நேரம் போவதே தெரியாது. எல்லாம் கற்பனை என்று தெரிந்தும் நிறுத்த முடியாது.

இஸ்ரேலிய உளவியலாளர் எலி சோமர் 2002-லேயே கட்டுக்கடங்காத இந்தப் பகற்கனவு நிலையை (maladaptive daydreaming) விவரித்து எழுதியிருக்கிறார் என்று படித்தபோது பெரிய நிம்மதி. மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்கக் கையேட்டில் இது தனி நோயாக இல்லை. ஆனாலும் படும் பாடு உண்மை.

எனக்குக் கைகொடுத்தது, கனவு தொடங்கும் தருணத்தைக் குறித்து வைத்ததுதான். என்ன பாட்டு, அதற்குச் சற்று முன் மனதில் என்ன ஓடியது? பெரும்பாலும் தனிமை, இல்லையென்றால் தள்ளிப்போட்ட வேலை. முதலில் நடக்கும்போது பாட்டு கேட்பதை விட்டேன். எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம், கதை தலைதூக்கினால் அதோடு மல்லுக்கட்டாமல் பாதம் தரையில் படுவதைக் கவனிப்பேன். கதைகளில் எப்போதும் யாரோ ஒருவர் நான் பேசுவதைப் பொறுமையாகக் கேட்பார். அதனால் ஒரு நண்பரை நிஜமாகவே அழைத்துப் பேச ஆரம்பித்தேன். இதுதான் அதிகம் உதவியது.

தூக்கமும் வேலையும் கெடுகிற அளவுக்குப் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பதற்றமோ கவனக்குறைபாடோ கூடவே இருக்கலாம், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.