பொதுக்கல்விப் பாடத்திட்டத்தைத் திருத்தப் போகிறீர்களா? முதலில் மாணவர் எழுதிய தாளைப் படியுங்கள்

பல்கலைக்கழகத்தில் பொதுக்கல்விப் பாடத்திட்டத்தைத் திருத்தும் குழு முதல்முறை கூடும்போது, அறிமுகம் முடிந்த கையோடு யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இதில் எங்கள் துறைக்கு எத்தனை கிரெடிட்?" கிரெடிட் என்பது பட்டத்தில் ஒரு பாடத்துக்கு உள்ள எடையைக் கணக்கிடும் அலகு. இந்தக் கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்ல உட்கார்ந்தால், அடுத்த இரண்டு ஆண்டும் அதிலேயே கரைந்துபோகும். இப்படிப்பட்ட குழுக்களில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பாடத்திட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த முதல் நாளில்தான்.

மாணவர் எந்தத் துறையில் பட்டம் வாங்கினாலும் எல்லோரும் படித்தாக வேண்டிய பகுதிதான் பொதுக்கல்வி. எழுத்து, எண்ணறிவு, அறிவியல் முறை, வரலாறு, அறவியல், பிற பண்பாடுகள் என்று அது விரியும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 120 கிரெடிட் பட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதற்கே போகிறது. முதல் உலகப் போர் முடிந்ததும், 1919இல், கொலம்பியா பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்குப் பொதுவான ஒரு பாடத்தைத் தொடங்கியது. பிரவுன் பல்கலைக்கழகம் 1969இல் நேர் எதிர்த்திசையில் போய், கட்டாயப் பொதுப்பாடங்களை எடுத்தேவிட்டது. ஹாங்காங்கில் 2012இல் இளநிலைப் பட்டம் மூன்றாண்டிலிருந்து நான்காண்டானபோது பொதுக்கல்விக்கும் அதில் இடம் ஒதுக்கினார்கள். ஆக, இதற்கு ஒரே அச்சு என்று எதுவும் கிடையாது. நம் மாணவருக்கு என்ன வேண்டும் என்பதை நாமே யோசித்தாக வேண்டும். அந்த யோசனையைத் தட்டிக்கழிக்கும் இடங்களில்தான் தவறுகள் நுழைகின்றன.

பங்கு பிரிக்க உட்காருவது

துறைகள் கிரெடிட்டுக்காகச் சண்டை போடுவதைச் சுயநலம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது நியாயமில்லை. ஒரு துறையின் ஆசிரியர் பணியிடங்களும் நிதி ஒதுக்கீடும் எத்தனை மாணவர் அத்துறையின் வகுப்புகளில் சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பல இடங்களில் முடிவாகின்றன. முதன்மைப் பாடமாக எடுக்க ஆள் குறைவாக வரும் தத்துவம், மொழி, வரலாறு போன்ற துறைகளுக்குப் பொதுக்கல்வி வகுப்புகள்தான் உயிர்மூச்சு. அதில் கை வைத்தால் அவர்கள் பதறத்தான் செய்வார்கள்.

குழு செய்யும் தவறு, இந்தப் பயத்தைப் பேசாமல் விட்டுவிடுவது. வெளியே "மாணவர் நலன்" என்று பேச்சு நடக்கும். உள்ளே ஒவ்வொருவரும் தங்கள் பங்கைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். இதைவிட, மாதிரித் திட்டம் ஒவ்வொன்றிலும் எந்தத் துறைக்கு எத்தனை இருக்கைகள் கூடும், எத்தனை குறையும் என்ற கணக்கை முதலிலேயே வெளிப்படையாக மேசைமேல் வைப்பது நல்லது. மாற்றம் வந்த முதல் சில ஆண்டுகளுக்கு எந்தத் துறையின் பணியிடத்திலும் கை வைக்க மாட்டோம் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி உறுதி, அதைக் கொடுத்தவர் பதவி மாறும்வரைதான் செல்லும்.

எல்லாவற்றையும் எழுதிவைப்பது

அடுத்து வருவது கற்றல் விளைவுகளின் பட்டியல், அதாவது படித்து முடித்த மாணவரால் என்னென்ன செய்ய முடிய வேண்டும் என்ற பட்டியல். ஆளுக்கொன்று சொல்ல, யாரையும் புண்படுத்த வேண்டாம் என்று எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டால், பதினெட்டு, இருபது விளைவுகள் கொண்ட ஆவணம் கையில் இருக்கும். அதை ஒரு மாணவர் பட்டம் வாங்கும்வரை ஒருமுறைகூடப் படிக்க மாட்டார். ஐந்தாறு போதும். அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களை அங்கீகரிக்கும் அமைப்பு தன் 2013 விதிகளில் பெயர் சொல்லிக் கேட்டதே ஐந்து அடிப்படைத் திறன்களைத்தான்: எழுத்து, பேச்சு, எண்ணறிவு, தகவலைத் தேடி எடைபோடுதல், பகுத்து ஆராய்தல்.

வினைச்சொல்லையும் கவனியுங்கள். "மாணவர் அறிவியலின் முக்கியத்துவத்தை உணர்வார்" என்று எழுதினால், உணர்ந்தாரா இல்லையா என்று எதைக் காட்டிச் சொல்வீர்கள்? "ஒரு செய்தியில் வரும் புள்ளிவிவரத்தைப் பார்த்து, அது எப்படித் திரட்டப்பட்டிருக்கும், அதிலிருந்து எந்த முடிவுக்கு வர முடியாது என்று விளக்குவார்" என்று எழுதிப் பாருங்கள். இதற்கு ஒரு தாளைக் கொடுக்கலாம், எழுதச் சொல்லலாம், படித்துப் பார்க்கலாம்.

பழைய கள், புதிய மொந்தை

விளைவுகள் முடிவானதும் ஒரு படிவம் சுற்றுக்கு வரும்: "உங்கள் பாடம் எந்தப் பிரிவில் வரும் என்று குறிப்பிடவும்." ஆசிரியர்கள் பத்தாண்டாக நடத்திவரும் பாடத்துக்குப் புதிய பிரிவின் பெயரை ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். குழுவுக்கும் நேரம் இல்லை. எல்லாம் ஏற்கப்படும்.

ஹார்வர்டுக்கே இது நடந்தது. 2007இல் வாக்களித்து, 2009இல் எட்டுப் பிரிவுகளோடு புதிய பொதுக்கல்வித் திட்டத்தை அங்கே தொடங்கினார்கள். 2015இல் அதை மறு ஆய்வு செய்த குழு, பேச்சில் பொதுக்கல்வியாக இருக்கும் திட்டம் நடைமுறையில் வெறும் பகிர்வு விதியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற கருத்துக்கு வந்தது. அந்தப் பிரிவில் ஒன்று, இந்தப் பிரிவில் ஒன்று என்று மாணவர் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தார். 2016இல் மீண்டும் வாக்களித்து, 2019இல் நான்கு பிரிவுகளாகச் சுருக்கிய வடிவம் நடைமுறைக்கு வந்தது. துறைவாரிப் பகிர்வைத் தனியாகவும், தரவைக் கையாளும் எண்ணறிவைத் தனியாகவும் வைத்தார்கள். அவ்வளவு வளம் உள்ள இடத்திலேயே பத்தாண்டுக்குள் இரண்டுமுறை கூரையைப் பிரித்து மேய வேண்டியிருந்தது. தவறை ஒப்புக்கொண்டு திருத்தியதற்காக அவர்களை நான் மதிக்கிறேன்.

இதற்கு மருந்து, பாடத்தின் பெயரையோ விளக்கக் குறிப்பையோ பார்த்து அனுமதிக்காமல், அந்தப் பாடத்தில் மாணவர் செய்யும் ஒரு பெரிய அசைன்மென்ட்டை இணைத்து அனுப்பச் சொல்வதுதான். அந்தக் கேள்வித்தாளில் புதிய விளைவு தென்படுகிறதா என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கொடுக்கும் அனுமதிக்கு ஒரு காலவரம்பும் இருக்கட்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று விதி இருந்தால், நடத்தாத பாடங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

மதிப்பீட்டில் நடக்கும் பெரிய தவறுகள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். குழுக்கள் மிகக் குறைவாகச் செலவழிப்பதும் இங்கேதான்.

"மாணவர்களில் பெரும்பாலோர் பி கிரேடு அல்லது அதற்கு மேல் வாங்கியிருக்கிறார்கள், ஆகவே கற்றல் விளைவு நிறைவேறியது" என்று அறிக்கை எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். கிரேடு பல பொருட்கள் கலந்த கலவை. வருகைப் பதிவு, நேரத்துக்குத் தாள் கொடுத்தது, இறுதித் தேர்வு, குழுப்பணி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. சான்றை எடைபோடத் தெரியாத மாணவர் மற்ற எல்லாவற்றிலும் நன்றாகச் செய்து ஏ வாங்கியிருக்கலாம். "எனக்குச் சிந்தனைத் திறன் வளர்ந்தது" என்று மாணவர் டிக் செய்யும் கருத்துக்கணிப்பும் அப்படியே. மாணவர் என்ன நினைக்கிறார் என்று அது சொல்லும், என்ன செய்ய முடிகிறது என்று சொல்லாது. மாணவரின் தாளை எடுத்துப் படிப்பதற்கு மாற்று இல்லை. அதற்காக எல்லாத் தாளையும் படிக்க வேண்டியதும் இல்லை. ஒரு விளைவுக்கு நூறு தாள் போல, பல பாடங்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்து, பெயரை மறைத்துவிட்டு, இருவர் இருவராகப் படித்தால் நிலைமை தெளிவாகவே தெரியும்.

படிப்பதற்கு ரூப்ரிக் வேண்டும்: ஒவ்வொரு திறனும் எந்தப் படியில் எப்படித் தென்படும் என்று சொல்லும் அட்டவணை. அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் சங்கம் ஒன்று 2009இல் வெளியிட்ட வேல்யூ ரூப்ரிக்குகளைப் பலர் எடுத்தாளுகிறார்கள். ஒவ்வொன்றிலும் நான்கு படிகள் உண்டு. 4 என்பது பட்டம் முடிக்கும்போது எட்ட வேண்டிய நிலை. இதை மறந்து, முதலாண்டு மாணவர் 1 அல்லது 2 வாங்கினால் "தோல்வி" என்று எழுதிவிடுகிறார்கள். முதலாண்டு மாணவர் அங்கே இருப்பதுதான் இயல்பு. இந்த அட்டவணைகளை வெளியிட்டவர்களே, இவை நிறுவன அளவில் கற்றலைப் பார்ப்பதற்கு, தனி மாணவருக்குக் கிரேடு போடுவதற்கு அல்ல என்று சொல்லியிருக்கிறார்கள்.

ரூப்ரிக் கையில் வந்ததும் நேராக மதிப்பெண் போட உட்காருவது அடுத்த தவறு. ஒருமுறை வெவ்வேறு துறையைச் சேர்ந்த ஆறு பேர் ஒரே மேசையில் ஒரே கட்டுரையைப் படித்தோம். "சான்றுகளைப் பயன்படுத்துதல்" என்ற வரிசைக்கு மட்டும் மதிப்பெண். இரண்டு பேர் 3 போட்டார்கள், மூன்று பேர் 2, ஒருவர் 1. 3 போட்டவர்களில் ஒருவர் வேதியியல் ஆசிரியர். ஒவ்வொரு கூற்றுக்கும் ஓர் எண், ஓர் அடிக்குறிப்பு இருக்கிறதே என்றார் அவர். 1 போட்ட வரலாற்று ஆசிரியர், நான்காம் பத்தியில் விரலை வைத்து, "இந்த எண்ணை யார் சொன்னார்கள், எதற்காகச் சொன்னார்கள் என்று மாணவர் ஓர் இடத்திலாவது கேட்டாரா?" என்றார். நாற்பது நிமிடம் பேச்சு நடந்தது. சான்று என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் வைத்திருந்தோம் என்பது அப்போதுதான் விளங்கியது. "மூலத்தின் நம்பகத்தன்மையைச் சோதிக்கிறாரா" என்று ரூப்ரிக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டு அடுத்த கட்டுரையை எடுத்தோம். ஐந்து பேர் 2, ஒருவர் 3. அந்த நாற்பது நிமிடம் இல்லாமல் நாங்கள் நூறு தாள் திருத்தியிருந்தால், வந்த எண்கள் எதையுமே சொல்லியிருக்காது. இருவர் எந்த அளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை, தற்செயலாக அமையும் ஒற்றுமையைக் கழித்துச் சொல்லும் கப்பா என்ற அளவையைப் புள்ளியியலாளர் ஜேக்கப் கோஹன் 1960இலேயே கொடுத்திருக்கிறார். கணக்குத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு தவறு வெளியே தெரியாமல் நடப்பது. தாளைப் படித்து மாணவர் பலவீனம் என்று முடிவு கட்டுமுன், அவருக்குக் கொடுத்த கேள்வியைப் படித்தீர்களா? "காலநிலை மாற்றத்தின் காரணங்களையும் விளைவுகளையும் விளக்குக" என்று ஆசிரியர் கேட்டிருப்பார். மாணவர் அழகாக விளக்கியிருப்பார். மதிப்பீட்டுக் குழுவோ "எதிர்க்கருத்துகளை எடைபோடுதல்" என்ற வரிசையில் அவருக்கு 1 போடும். கேட்காததை அவர் எப்படிக் கொடுப்பார்? இந்தக் கேள்வியையே, "ஒரே தரவை வைத்துக்கொண்டு இந்த இரண்டு கட்டுரையாளர்களும் வேறு வேறு முடிவுக்கு வருகிறார்கள். எது வலுவானது, மற்றதில் எங்கே ஓட்டை?" என்று மாற்றிக் கொடுத்தால் அதே மாணவரிடமிருந்து வேறு தாள் வரும். பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டும் என்று தீர்மானம் போடப்படும் பல இடங்களில், மாற்ற வேண்டியிருந்தது அசைன்மென்ட்டின் நான்கு வரிகளைத்தான். ஆசிரியர்களுக்கு ஒரு மதிய நேரம் ஒதுக்கி, கேள்விகளை ஒருவருக்கொருவர் காட்டித் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மதிப்பீட்டுக்காகச் செலவழிக்கும் நேரத்தில் மாணவருக்கு நேராகப் போய்ச் சேர்வது அதுதான்.

படித்து முடித்த முடிவுகளை அலமாரியில் வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கீகாரக் குழு வரும் ஆண்டில் மட்டும் தூசி தட்டி எடுக்கும் கோப்பு வெறும் கண்துடைப்பு. ஒரு பக்கக் குறிப்பாகச் சுருக்கி, தாள் கொடுத்த ஆசிரியருக்கே அடுத்த பருவம் தொடங்கும் முன் அனுப்புங்கள். அவரை எடைபோட அதைப் பயன்படுத்த மாட்டோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால், அடுத்தமுறை சிறந்த பத்துத் தாள் மட்டுமே உங்களிடம் வரும்.

நடுவில் மாட்டிக்கொள்ளும் மாணவர்கள்

பழைய விதியில் சேர்ந்தவர் பழைய விதியிலேயே பட்டம் முடிக்கலாம் என்று எழுதிவிட்டு, அந்தப் பழைய பாடங்களை அடுத்த ஆண்டே நிறுத்திவிடும் இடங்கள் உண்டு. எந்தப் பழைய பாடத்துக்கு எந்தப் புதிய பாடம் ஈடாகும் என்ற பட்டியல் திட்டம் தொடங்கும் நாளில் தயாராக இருக்க வேண்டும். வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவரை மறந்துவிட்டு, "முதலாண்டுக் கருத்தரங்கு கட்டாயம்" என்று வைத்தால், மூன்றாமாண்டில் சேரும் ஒருவர் பதினெட்டு வயதினரோடு உட்கார வேண்டிவரும். பொறியியல், செவிலியம் போன்ற துறைகளில் தொழில் அங்கீகார விதிகளே பெரும்பாலான கிரெடிட்டை எடுத்துக்கொள்ளும். அவர்களுடைய நான்காண்டு அட்டவணையைக் கையில் வாங்கி, உங்கள் திட்டத்தைப் பருவம் பருவமாக அதில் பொருத்திப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் விதிவிலக்கு கேட்டு வருவார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் வருவார்கள்.

கடைசியாக ஒன்று, பிறகு சரிசெய்யவே முடியாத தவறு என்பதால். புதிய பாடத்திட்டம் தொடங்கி மூன்றாண்டு கழித்து, "இதனால் மாணவர் முன்னேறியிருக்கிறாரா?" என்று யாராவது கேட்பார்கள். ஒப்பிட எதுவும் இருக்காது, ஏனென்றால் பழைய திட்டத்தில் படித்தவர்களின் தாள்களை யாரும் எடுத்துவைத்திருக்க மாட்டார்கள். ஆகவே, திருத்தக் குழு அமைந்த அதே பருவத்திலேயே, இப்போது பட்டம் முடிக்கப்போகும் மாணவர்களின் கட்டுரைகளில் நூறைக் கேட்டு வாங்கி, கூடவே அவற்றுக்கான கேள்வித்தாள்களையும் வாங்கி, பெயரை மறைத்துப் பத்திரப்படுத்துங்கள். கிரெடிட் பங்கீட்டைப் பற்றிய முதல் கூட்டத்துக்கு முன்பே அதில் பத்தையாவது குழுவினர் எல்லோரும் படித்துவிட்டு வரட்டும்.